பாபநாசமும் செக்‌ஷன் 100-உம்

வடலூர் ஞான சபைக்குள் நுழையக் கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும். சட்டம் அத்தனை கண்டிப்பில்லை. பலாத்காரம் செய்யப் பாய்கிறவன் உயிர் போனாலும் குற்றமில்லை என்றது இ.பி.கோ. 100. (2024 ஜூலையிலிருந்து நியாய சன்ஹிதா 38.) ஓடுகிறவனைத் துரத்தி அடித்தால் போச்சு.

மதுரையில் 2012-ல், மகளிடம் முறைகேடாக நடக்க முயன்ற கணவனை மனைவி கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றார். எஸ்.பி. அஸ்ரா கர்க் அதே 100-ஐச் சொல்லி அவரை விடுவித்தார்.

‘பாபநாசம்’ (2015) பார்த்திருப்பீர்கள். அம்மாவைக் காப்பாற்ற மகள் போடும் அந்த ஒரு அடிக்குச் சட்டத்தில் இடமுண்டு, எருக்குழிக்கு இல்லை. ஜீத்து ஜோசப் இந்த வித்தியாசத்தைத் தொடவே இல்லை. கமல் கலங்கும்போது நாமும் உடந்தையாகிவிடுகிறோம், அதுதான் உறுத்தல். புதைக்குமுன் ஒருத்தருக்கும் வக்கீல் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் படம் இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்கும்.