குருத்தணு ஆய்வு: ஃபிக்ஹின் எந்தப் பாடத்தில் விடை?

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுவைப் பற்றி நம் அறிஞர் பெருமக்களிடையே நிகழும் விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது: கருவிற்கு ரூஹ் ஊதப்படுவது எப்போது? ஃபிக்ஹு நூல்களின் மொழியில் சொல்வதானால், சிசுவிற்கு இழைக்கப்படும் குற்றத்தைப் பேசும் ஜினாயாத் பாடத்திலேயே இம்மஸ்அலா நிறுத்தப்பட்டுவிட்டது. கொடுக்கல் வாங்கலைப் பேசும் புயூஃ பாடம் அரிதாகவே திறக்கப்படுகிறது. நம் மக்களின் வாசலுக்கு வந்து நிற்கும் பிரச்சினையோ அந்த இரண்டாம் பாடத்திற்குரியது.

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர், சில நாள் வயதுடைய மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தனர். அதற்குக் கரு சிதைக்கப்பட வேண்டியிருந்தது. எனவே கருவின் கண்ணியம் பற்றிய கேள்வி எழுந்தது இயல்பே. முன்னதாக 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சோதனைக்குழாய் முறையில் தேவைக்கு மேல் கருக்களை உருவாக்கலாகாது. எஞ்சினால் அவற்றை இயல்பாக அழிய விட்டுவிட வேண்டும் என முடிவு செய்திருந்தது. 2003 டிசம்பரில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபையோ, பெற்றோர் மனமுவந்து அளித்தால் அவ்வாறு எஞ்சிய கருக்களிலிருந்தும் குருத்தணு பெறலாம் என்றது. ஆய்வுக்கென்றே கருவை உருவாக்குவதையும், தக்க காரணமின்றி வேண்டுமென்றே கலைக்கப்பட்ட சிசுவைப் பயன்படுத்துவதையும் அச்சபை தடுத்தது. வளர்ந்தோரின் உடலிலிருந்து தீங்கின்றிப் பெறுவதையும், நஞ்சுக்கொடியிலிருந்தும் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும் பெறுவதையும் அனுமதித்தது.

இவ்வேற்றுமையை 120 நாள் கணக்கொன்றைக் கொண்டே தீர்த்துவிட முயல்வோர் உளர். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின்படி அதற்கு முன் ரூஹ் இல்லை; ஆகவே தடையும் இல்லை என்பர். இது அவசர முடிவு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், விந்து கருப்பையில் தங்கிக் கலந்த நிலையிலிருந்தே அதைச் சிதைப்பதைக் குற்றமாகக் கொள்கிறார்கள்; கரு வளர வளரக் குற்றத்தின் கடுமையும் வளர்வதாக விளக்குகிறார்கள். ரூஹ் இல்லாமை வேறு, மதிப்பில்லாமை வேறு. அதேவேளை இமாமவர்கள் பேசியது கருப்பையில் தங்கிய கருவை. கண்ணாடிக் கலத்திலிருப்பதை அதனோடு கியாஸ் செய்வதில் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு. மக்கா முடிவை ஏற்போர் நிற்பதற்கு இடம் இங்கேதான் உள்ளது.

2006இல் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா, எலியின் முதிர்ந்த செல்லையே குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டினார்; மறு ஆண்டில் மனிதச் செல்லிலும் அது கைகூடியது. கருவைச் சிதைக்காத வழி பிறந்ததால் முதல் பாடத்தின் நெருக்கடி ஓரளவு தளர்ந்தது. ஆனால் கரு சம்பந்தப்படவில்லை என்பதனாலேயே எல்லாம் ஹலால் என்ற எண்ணமும் உடன் பிறந்தது. மக்கா முடிவைப் படித்து, தொப்புள்கொடி இரத்தம் ஆகுமானது என்று அறிந்தவர், அதை விற்போர் சொல்வதெல்லாம் ஆகுமானது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் ஆய்வோடு சிகிச்சை என்ற சொல்லும் இருந்தது. 2013இல் திருத்தியபோது அச்சொல்லை நீக்கிற்று. இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்றவை நீங்கலாக, மற்றவை இன்னும் சிகிச்சையாகவில்லை, சோதனையே என்பதுதான் அதன் கருத்து. பிள்ளையின் எதிர்காலத்திற்கென அதன் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதை 2017ஆம் ஆண்டு நெறிகள் எடுத்துரைத்தன. தலசீமியா போன்ற பிறவி நோயுள்ள பிள்ளைக்கு அதன் சொந்த இரத்தம் உதவாது. அதே குறை அதிலும் இருக்கும். மூத்த பிள்ளைக்கு இத்தகைய நோய் இருக்க, தாய் மறுபடி கருவுற்றிருக்கும் குடும்பத்திற்கு மட்டும் சேமிப்பில் பொருளுண்டு.

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் பூமியில் வாழ்வோர்க்கு இதை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. மானாவாரிப் பருத்தியில் காய் வெடித்துப் பஞ்சு கைக்கு வரும்வரை எதுவும் உறுதியில்லை என்பது அவர்கள் அறிந்தது. கனி பக்குவம் அடைவது வெளிப்படும்முன் அதை விற்பதையும், பிறவாத குட்டி ஈனப்போகும் குட்டியை விற்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கரர் எனும் நிச்சயமின்மை அவ்வணிகத்தின் உயிராக இருந்ததே காரணம். தீப்பெட்டி ஆலைக் கூலியிலிருந்து தவணை கட்டி வாங்கப்படும் நாளைய நிவாரணம் இதனினும் எவ்வகையில் மேலானது?

சேமிப்பகம் வாங்குவது காப்பதற்கான கூலியே. அது இஜாராவன்றி விற்பனையன்று எனலாம். சரியே. ஆயினும் விளம்பரம் கூலி கேட்பது பாதுகாப்புக்கன்று, நம்பிக்கைக்கு. உள்ளதை மறைத்து இல்லாததைக் காட்டுவதற்குத் தத்லீஸ் என்று பெயர். அது இஜாராவையும் கெடுக்கும்.

மற்றொரு வாதம் ளரூரத். நடக்கவியலாத பிள்ளையைப் பெற்றவர் எதையும் முயலட்டுமே என்கிறோம். அந்த இரக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் ஹராமான பொருளால் மருத்துவம் செய்ய இடமளித்த பிற்கால ஹனஃபி அறிஞர்களும், அதில் நிவாரணம் உண்டென அறியப்பட்டிருக்க வேண்டும், மாற்று வழி இருக்கலாகாது என்றே நிபந்தனையிட்டனர். நிரூபிக்கப்படாத ஒன்று ளரூரத்தின் நிழலில் ஒதுங்கவியலாது. மருத்துவம் அறியப்படாத நிலையில் மருத்துவம் செய்பவர் நட்டத்திற்குப் பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூதில் உண்டு. சோதனையைச் சிகிச்சையென்று சொல்லிக் காசு பெறுபவர்மீது அந்த ளமான் சாராது என்று எவ்வாறு கூறுவது?

இது ஆய்வுக்கு எதிரான வாதமன்று. பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அமைந்த அதே வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துவருகிறது. அங்குள்ள குருத்தணு ஆய்வு மையம், ஹீமோஃபிலியா நோயாளர் ஐவருக்கு அவர்தம் சொந்த இரத்தக் குருத்தணுக்களைக் கொண்டே மரபணுச் சிகிச்சை அளித்த முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. சோதனை என்று சொல்லியே செய்யப்பட்ட சோதனை அது. ஷரீஅத் கேட்பதும் அந்த வாய்மையைத்தான்.

ஆகவே, இனி எவரேனும் குருத்தணு பற்றி ஃபத்வா கேட்டு வந்தால், அணு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதோடு நம் கேள்வி முடியலாகாது. என்ன வாக்களிக்கப்பட்டது, அதற்குச் சான்று எது, பணம் யாரிடம் போகிறது, பலிக்காவிடில் பொறுப்பு யாருடையது என்பனவும் முஃப்தி கேட்க வேண்டிய கேள்விகளே. பிறவாத கருவின் கண்ணியத்திற்காக இத்தனை நுணுக்கமாக வாதிட்ட நாம், பிறந்து நோயுற்றுக் கிடக்கும் பிள்ளையின் வீட்டுப் பொருளுக்கும் அதே நுணுக்கத்தைக் காட்டக் கடமைப்பட்டவர்கள். வல்லாஹு அஃலம்.