நிறம் தீட்டிய நிலத்தடி நீர்

கடலூர் மாவட்டத்து நிலத்தடி நீரின் தன்மையைக் காட்டும் வரைபடங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். நல்ல நீருக்குப் பச்சை, உவர்நீருக்குச் சிவப்பு, இடையே மஞ்சள். பார்வைக்கு அழகுதான். ஆனால் நீரை எடுத்துச் சோதித்தது சில கிணறுகளில் மட்டுமே; மற்ற இடங்களின் நிறமெல்லாம் கணக்குப் போட்டுச் சொன்ன ஊகம். இதை இடைக்கணிப்பு என்பர். இத்தகைய கட்டுரைகள் பலவற்றில் கணக்கு முறைக்குப் பக்கம் பக்கமாக இடமுண்டு. கிணறுகளைத் தேர்ந்த விதத்துக்கு ஒரு வரிதான். குறை இங்கேதான் தொடங்குகிறது.

புவனகிரியை எடுத்துக்கொள்வோம். ஊர் வெள்ளாற்றங்கரையில் உள்ளது. ஆறு கிழக்கே சென்று பரங்கிப்பேட்டை அருகில் கடலில் கலக்கிறது. ஓதம் ஏறும்போது கடல்நீர் கழிமுகத்துக்குள் புகும். எனவே உவர்ப்பு ஆற்றோரமாக நாக்குப்போல் நீண்டு உள்ளே வரக்கூடும். மாதிரி எடுப்பவர் வண்டி போகும் சாலையோரக் கைப்பம்புகளோடு நின்றுவிட்டால், அந்த நாக்கு படத்தில் விழவே விழாது. ஏனெனில், தொலைவு கூடக்கூட மதிப்பைக் குறைத்துச் சராசரி காணும் எளிய முறை, அளந்தவற்றுள் மிகப் பெரிய எண்ணைத் தாண்டி ஒருபோதும் விடை தராது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஓரிடத்துக்குக் கிழக்கே 2 கிலோமீட்டரில் ஒரு கிணறு. லிட்டருக்கு 3600 மில்லிகிராம் உப்பு. மேற்கே அதே தொலைவில் இன்னொன்று; 600. நடுவிடத்துக்கு விடை 2100. வேறு நீர் கிடைக்காத இடத்துக்கு இந்தியக் குடிநீர்த் தரம் (2012) அனுமதிக்கும் உச்ச வரம்பு 2000. ஆகவே இங்கே குடிநீருக்குக் குழாய்க்கிணறு போடலாகாது. இப்போது மேற்கே ஒரே தெருவில் 600 உள்ள மூன்று கிணறுகளைச் சோதித்ததாகக் கொள்ளுங்கள். விடை 1350! நிலத்தடியில் எதுவும் மாறவில்லை. ஊராட்சியின் முடிவு மட்டும் தலைகீழாகிவிட்டது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக 1951-ல் டேனி கிரீகே தொடங்கி, பிரான்சின் மாத்தரோன் 1960-களில் வளர்த்த 'கிரீகிங்' முறை, இப்படி நெருங்கி நிற்கும் கிணறுகளின் பங்கைக் குறைக்கும். அதனாலேயே அதை மந்திரமாகக் கருதுவது தவறு. எடுக்காத மாதிரியை அதுவும் படைத்துத் தராது. ஒரு கிணற்றை மறைத்துவிட்டு, மற்றவற்றால் அதைக் கணித்துச் சரிபார்த்தோம் என்பார்கள். எல்லாக் கிணறுகளும் சாலையோரம் என்றால், தேறுவது சாலையோரக் கணிப்பு மட்டுமே.

ஆழமும் உண்டு. ஆற்று வண்டலில் தோண்டிய கிணற்று நீர் வேறு. ஆழத்தில் கடலூர் மணற்கல் அடுக்கிலிருந்து வரும் நீர் வேறு. இரண்டையும் ஒரே படத்தில் கலப்பது மாடிவீட்டாரின் வருமானத்தையும் கீழ்வீட்டாரின் வருமானத்தையும் கூட்டிப் பங்கிடுவது போன்றது.

இவ்வளவுக்கும், மதிப்புகள் இடத்துக்கு இடம் மாறும் போக்கு ஓரளவு தெரிந்திருந்தால், எங்கே கிரீகிங் பிழை மிகும் என்பதை மாதிரி எடுக்கும் முன்பே கணித்துவிடலாம். அது கிணறுகளின் இருப்பிடத்தைப் பொறுத்ததே. அந்தப் பிழைப் படத்தையும், ஒவ்வொரு கிணற்றின் ஆழத்தையும், நீர் எடுத்தது ஐப்பசி மழைக்கு முன்னா பின்னா என்பதையும் வண்ணப்படத்தின் அருகிலேயே அச்சிட வேண்டும். அடுத்த முறை அத்தகைய படம் கண்ணில் பட்டால், நிறங்களை விட்டுவிட்டு முதலில் புள்ளிகளைத் தேடுங்கள். வெள்ளாற்றின் இரு கரைகளிலும் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.