தாளுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று: ஏர்பிரஷ் வண்ணங்களில் எதை வாங்கலாம்?

ஏர்பிரஷ் வாங்கியதும் எல்லோரும் கேட்பது, ‘எந்த பிராண்ட் வண்ணம் நல்லது?’ என்றுதான். அதற்கு முன், வண்ணம் எதன்மேல் உட்காரப்போகிறது என்று கேட்க வேண்டும். எங்கள் காரைக்காலின் ஆனி மாத மாங்கனித் திருவிழாவை நினைத்து, ஒரே மாம்பழப் படத்தைத் தாளிலும் காட்டன் டி-ஷர்ட்டிலும் அடித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே குப்பி சரிப்படவில்லை.

தாளில்: கோல்டன் ஹை ஃப்ளோ அக்ரிலிக் மை போல நீர்த்தது, 0.3 மி.மீ. நாசிலிலும் ஓடும். காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும். மஞ்சளைப் பரப்பிக் காயவிட்டு, காம்புப் பக்கம் ஒளி ஊடுருவும் சிவப்பை மெல்ல ஏற்றினால், அடி மஞ்சள் சிவப்பினூடே தெரிந்து பழம் கனிந்துவிடுகிறது. பளபளப்பு காட்ட மேலே வெள்ளையைத் தூவினால் அந்த இடம் நீலம் பூத்தாற்போல் வெளிறும். கிரியேடெக்ஸ் இல்லஸ்ட்ரேஷன் வரிசையை ரப்பரால் அழிக்கலாம், பிளேடால் சுரண்டலாம். நுணுக்கமான ஓவியத்துக்கு என் ஓட்டு அதற்கே.

துணியில்: துணி மடங்கும், கசங்கும், துவைபடும். வண்ணத்தின் பசை அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். கிரியேடெக்ஸின் வழக்கமான ஏர்பிரஷ் வரிசை இதற்குப் பொருந்தும். நாசில் 0.5 மி.மீ., அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு மேல் வையுங்கள். கறுப்புச் சட்டையில் ஒளி ஊடுருவும் வண்ணம் எடுபடாது; முதலில் அடர்வெள்ளை அடித்து, அது காய்ந்தபின் நிறம் ஏற்ற வேண்டும். கடைசியில் மேலே தாள் போட்டு, நீராவி இல்லாமல் காட்டன் சூட்டில் இஸ்திரி போட்டால்தான் நிறம் நிற்கும்.

தூரிகைக்கான துணி வண்ணம் மலிவு. நைலான் துணியில் வடிகட்டினால் ஓரளவு ஓடும். ஆனால் வெறும் தண்ணீரை அதிகம் கலந்தால் பசை பலமிழந்து, துவைக்கும்போது நிறம் போய்விடும். துணி வண்ணத்தை நீர்க்கச் செய்வதற்கான மீடியத்தையே கலக்குங்கள்.

காரைக்கால் காற்றில்: கடலோர ஈரம் இங்கே பெரிய தொல்லை. கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது அந்த ஈரம் குழாயில் நீராகிவிடும். ஒரு துளி தெறித்தாலும் தாளில் வளையமாகக் கறை விழும். அந்த நீரைப் பிடித்துவைக்கும் மாய்ஸ்சர் ட்ராப் கட்டாயம் வேண்டும். வேலை முடிந்ததும் டேங்கில் தேங்கிய நீரைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஹேர் டிரையர் காட்டியபின்தான் அடுத்தது.

நீர் கலந்த வண்ணமானாலும் அதன் நுண்துகள் நுரையீரலுக்கு ஆகாது. துகள் வடிகட்டும் முகக்கவசம் அணியுங்கள். காட்மியம் கலந்த நிறங்களை ஏர்பிரஷில் ஊற்றவே கூடாது.

தீர்ப்பு: இறக்குமதிக் குப்பிகளின் விலை கூடுதல்தான். அதனால் பெரிய செட் வேண்டாம். ஒளி ஊடுருவும் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, ஓர் அடர்வெள்ளை போதும். துணி வேலைதான் உங்கள் வருமானம் என்றால் துணி வரிசையில் தொடங்குங்கள். நுணுக்கம் எதிர்பார்க்காவிட்டால் அதைத் தாளிலும் அடிக்கலாம். தாளுக்கான வண்ணத்தை நம்பி வாடிக்கையாளரின் சட்டையில் கை வைக்காதீர்கள்.