கண் சுட்டட்டும், விரல் அழுத்தட்டும்

பெரியப்பா நாமக்கல் லாரியில் பாதி இந்தியாவைச் சுற்றியவர். இப்போது எருமப்பட்டியில், கொல்லிமலை தெரியும் ஜன்னலோரமாகக் கட்டிலில் படுத்திருக்கிறார். மோட்டார் நியூரான் நோய். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய். முதலில் கை போனது, பிறகு பேச்சு. நினைவும் அறிவும் அப்படியே இருக்கின்றன. கண்ணை அசைக்கும் தசைகள் மட்டும் இந்த நோயில் பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அந்தக் கண்ணைக் கொண்டே செல்போனை இயக்கும் இரண்டு வசதிகளை அவரிடம் வைத்துப் பார்த்தோம்.

முதலாவது, கூகுள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ‘லுக் டு ஸ்பீக்’. இலவசம். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு இருந்தால் போதும், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனிலேயே போட்டுவிடலாம். திரையில் வாக்கியங்கள் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். வேண்டியது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகக் கண்ணைத் திருப்ப வேண்டும். அந்தப் பாதி மட்டும் மிஞ்சி மறுபடி இரண்டாகப் பிரியும். இப்படியே குறைந்து கடைசியில் நிற்கும் வாக்கியத்தைப் போன் வாய்விட்டுச் சொல்லும். பதினாறு வாக்கியம் என்றால் நாலு பார்வை. பிசகிப்போனால் மேலே பார்த்து ரத்து செய்துகொள்ளலாம்.

கண் சரியாக எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று இந்தச் செயலி ஆராய்வதில்லை. இடமா வலமா என்று மட்டும்தான் கேட்கிறது. அதனால்தான் சாதாரணக் கேமராவும், லேசாகச் சொக்கும் இமையும் இருந்தும் வேலை நடக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த எளிமைதான்.

வாக்கியங்களை நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம். இங்கேதான் நிஜமான உழைப்பு இருக்கிறது. ‘வணக்கம்’, ‘நன்றி’ எல்லாம் படுக்கையில் இருப்பவருக்கு எதற்கு? பெரியம்மாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, சொல்லிக்கொண்டே போனார்: எச்சி எடு. கொசு கடிக்குது. முதுகு அரிக்குது. தலையணையை ஏத்தி வை. திரும்பிப் படுக்கோணும். ஃபேனைக் குறை. அதையே அப்படியே தட்டினேன். போனின் பேச்சு மொழியைத் தமிழாக வைத்து, தமிழ்க் குரலையும் முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்காகப் படம், எமோஜி, சொந்தப் புகைப்படம் வைக்கும் முறை 2024-இல் சேர்ந்திருக்கிறது. கிராமத்து வீடுகளில் இது பெரிய உதவி.

இரண்டாவது, 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18-உடன் ஐபோனுக்கு வந்த கண் தொடரும் வசதி. ஐபோன் 12-லிருந்து கிடைக்கிறது, தனிக் கருவி எதுவும் வேண்டாம். திரையில் இடம் மாறி மாறி வரும் புள்ளியைக் கண்ணால் தொடர்ந்தால் முன்கேமரா நம் பார்வையைப் பழகிக்கொள்ளும். பிறகு நாம் பார்க்கும் பொத்தானைச் சுற்றி ஒரு கட்டம் விழும். அங்கேயே கண் சற்று நிலைத்தால் அழுத்தியதாகக் கணக்கு. ஒரு பொத்தானிலிருந்து இன்னொன்றுக்கு அந்தக் கட்டம் தாவியபோது பெரியப்பாவின் முகம் மலர்ந்ததைப் பெரியம்மாதான் முதலில் பார்த்துச் சொன்னார்.

தட்டச்சு என்று வந்தால் கணக்கே வேறு. போனை ஒன்றரை அடி தள்ளி வைக்க வேண்டும். அந்தத் தூரத்தில் பார்வை ஒரு பாகை பிசகினால் திரையில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். செல்போன் விசைப்பலகையில் ஒரு விசையின் அகலமே அவ்வளவு இல்லை. கண்ணுக்குள் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சி, கருவிழியில் அது மின்னும் இடத்தைக் கணக்கிடும் தனிக் கருவிகள் இதைவிடத் துல்லியமானவை. சுவீடனின் டோபி நிறுவனம் செய்வது அந்த வகை. வெறும் கேமராவை நம்பும் எந்தப் போனுக்கும் எல்லை ஒன்று உண்டு. எழுதியே ஆக வேண்டுமென்றால் பெரிய திரையுள்ள ஐபேடுக்குப் போங்கள்.

விசைப்பலகையில் தமிழ்99 அமைப்பை எடுங்கள். ‘தண்ணி’ என்று எழுத த, ண, ண, இ என நாலு விசை. புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில் ஷிஃப்ட்டையும் சேர்த்தால் இரு மடங்கு ஆகிவிடும். விரலுக்கு அது பெரிய விஷயமில்லை. கண்ணுக்கு ஒவ்வொரு விசையும் ஒரு காத்திருப்பு.

இப்படிக் கண்ணால் இயக்கும்போது வரும் களைப்புக்குக் காரணம் அந்தக் காத்திருப்பும்தான், அதைவிட ஆழமான ஒன்றும் இருக்கிறது. பார்ப்பதற்காக இருக்கும் கண்ணிடம் அழுத்தும் வேலையையும் கொடுக்கிறோம். சும்மா பார்த்தாலும் ஏதாவது திறந்துகொள்ளும். தொட்டதெல்லாம் பொன்னான மைடாஸ் அரசனின் பெயரை ஆய்வாளர் ராபர்ட் ஜேக்கப் 1990 வாக்கிலேயே இந்தச் சிக்கலுக்கு வைத்துவிட்டார். 2024-இல் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ இதற்குச் செய்த தீர்வு, கண் சுட்ட வேண்டும், இரண்டு விரல் நுனிகள் சேர்ந்து கிள்ள வேண்டும் என்பது. அந்தப் பிரிவினைதான் சரி. பெரியப்பாவுக்கு இடது கட்டைவிரலில் மட்டும் இன்னும் கொஞ்சம் அசைவு இருக்கிறது. ஐஓஎஸ் 26-இல் கண்ணால் சுட்டி ஸ்விட்ச்சால் தேர்ந்தெடுக்கலாம். அந்த விரலுக்கு அடியில் ப்ளூடூத் ஸ்விட்ச் ஒன்றை ஒட்டியதும் தவறான அழுத்தல்கள் வெகுவாகக் குறைந்தன. அவசரமில்லாமல் திரையைப் படித்துவிட்டு அழுத்துகிறார். விரலும் அசையாதவர்களுக்குப் புருவம், வாய் அசைவுகள் இருக்கின்றன. கூகுளின் ‘கேம்ஃபேஸ்’ திட்டம் 52 முகபாவங்களைக் கட்டளையாக்குகிறது.

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுப் பக்கமிருந்து வரக் கூடாது. இதற்காகக் கட்டிலையே திருப்பிப் போட்டோம். கழுத்து வளையும் மலிவு ஸ்டாண்டில் ஃபேன் காற்றுக்கே போன் ஆடும். போன் ஆடினால் கணிப்பு மொத்தமும் கெடும். கட்டில் சட்டத்தில் திருகி இறுக்கும் கெட்டியான ஸ்டாண்டுக்குச் செலவு செய்யுங்கள்.

“ஏன் கண்ணு, கரண்டு போனா?” என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடு ஒன்றில், லாரிக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் எழுத்துகளை வெட்டி ஒட்டி வாங்கி வந்தோம். இருவர் முகத்துக்கும் நடுவில் பிடித்தால் பெரியப்பா எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். உயிர், மெய் எழுத்துகளைத் தனித்தனி மூலைகளில் வைத்தால் வேகம் கூடும்.

கண் வசதிக்காகவே புது ஐபோன் வாங்க வேண்டாம். வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். லுக் டு ஸ்பீக்கை இன்றே போட்டுவிடலாம். நோய் இன்னதென்று மருத்துவர் சொன்ன வாரமே, கை நன்றாக இருக்கும்போதே, நோயாளியைப் பழக ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவர் அன்றாடம் பேசும் வாக்கியங்களை அவர் குரலிலேயே போனில் பதிவு செய்தும் வைத்துக்கொள்ளுங்கள்.