பத்து வயதில் ஒரு வெட்டுப்புள்ளி

இலங்கையின் வன்னியில் கத்தோலிக்கப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையின் தவணை அறிக்கையையும், தமிழ்நாட்டின் தூத்துக்குடியில் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் ரேங்க் கார்டையும் பக்கத்தில் வைத்தால், முதலில் குழப்புவது ‘தேர்ச்சி’ என்ற சொல். தூத்துக்குடியில் தேர்ச்சி என்றால் பாஸ். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் சித்தி. எங்களுக்குத் தேர்ச்சி என்பது பிள்ளைக்குக் கைவர வேண்டிய திறன். ஆரம்ப வகுப்பு ரீச்சர்மாரிடம் ‘அத்தியாவசியத் தேர்ச்சிகள்’ என்று ஒரு பட்டியலே இருக்கும். அவர்களின் மதிப்பெண் எங்களுக்குப் புள்ளி, அவர்களின் தலைமையாசிரியர் எங்களுக்கு அதிபர். வித்தியாசம் சொல்லோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை.

கத்தோலிக்கப் பாடசாலை என்பதே இரண்டு கரையிலும் ஒன்றல்ல. கிளிநொச்சி புனித திரேசா பெண்கள் கல்லூரியின் பெயருக்கு முன்னால் ‘கிளி/’ என்று இருக்கும். முல்லைத்தீவில் ‘மு/’, வவுனியாவில் ‘வ/’. அந்தச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது அரசாங்கம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளை அரசின் கையில் கொடுத்தன. யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரி போன்ற சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தாக்குப்பிடித்தன. வன்னியின் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அந்தப் பலம் எங்கே? ‘றோ.க.த.க. பாடசாலை’ (றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை) என்று பலகையில் எழுத்து நின்றது, நிர்வாகம் போனது. தமிழ்நாட்டு ஆர்.சி. தொடக்கப் பள்ளியோ இன்றும் மறைமாவட்டத்தின் அல்லது துறவற சபையின் பள்ளிதான். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமையில் நிர்வாகம் திருச்சபையிடம் இருக்கிறது. உதவி பெறும் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாடசாலையை இழந்த எங்கள் பக்கத்தில் சமயத்துக்குப் புள்ளி இருக்கிறது. பள்ளியைக் கையில் வைத்திருக்கும் அவர்கள் பக்கத்தில் இல்லை. இலங்கையின் ஆரம்பக் கல்வியில் தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றோடு சமயமும் ஒரு பாடம். கத்தோலிக்க சமயப் புத்தகத்தை அச்சிட்டு இலவசமாகக் கொடுப்பதும் அரசாங்கமே. மணி அடித்ததும் சைவப் பிள்ளைகள் ஒரு பக்கம், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறுபக்கம் பிரிவார்கள். இரண்டு பக்கத்துப் புள்ளியும் மொத்தத்தில் சேரும். தமிழ்நாட்டில் மறைக்கல்வி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, நீதிபோதனை மற்றவர்களுக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் யாரையும் சமயப் போதனைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 28ஆம் பிரிவு. மறைக்கல்விக்குப் பரிசு கிடைக்கலாம், ரேங்க் கிடைக்காது. செபம் பாடமாக்கிய பிள்ளை அதற்காக வகுப்பில் முதலாம் நிலைக்கு ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதில் அவர்கள் வழியே நல்லது.

வகுப்பேற்றத்தில் இரு கரையும் ஒன்றுதான். எங்கள் ஆரம்பப் பிரிவில் பிள்ளையை மறித்து வைக்கும் வழக்கம் இல்லை. இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை அதைத் தடை செய்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனாலும் உதவி பெறும் ஆர்.சி. பள்ளிகள் மாநிலத்தின் பாடத்திட்டத்தோடும் தேர்வு முறையோடும்தான் போகின்றன. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்து, மேலே ஏ1 முதல் கீழே ஈ2 வரை தரம் போட்டார்கள். பிறகு அரசுப் பள்ளிகளில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் சின்னப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. பெயர் அழகுதான். தன் பிள்ளை மூன்றாம் வகுப்பிலும் அரும்பாகவே இருக்கிறது என்று கேட்கும் தாய்க்கு அந்த அழகு தெரியுமோ என்னவோ.

பாதை பிரிவது ஐந்தாம் வகுப்பில். இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து ஏற்பாடு. கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய பாடசாலைக்கு அனுப்ப வந்தது. இன்று இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி. 70 எடுத்தால் சித்தி என்பார்கள், ஆனால் வெட்டுப்புள்ளி அதற்கு மிக மேலே நிற்கும். அதைத் தாண்டிய பிள்ளைக்கு யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளின் கதவு திறக்கும். ஊர்ப் பாடசாலை தன் கெட்டிக்காரப் பிள்ளையை இழக்கும். தரம் 3இலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. 2009 ஆவணியில், யுத்தம் முடிந்து மூன்று மாதத்தில், செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குள் இருந்தே வன்னிப் பிள்ளைகள் இந்தப் பரீட்சையை எழுதினார்கள். மாதக்கணக்கில் வகுப்பறையையே காணாதவர்கள் அவர்கள். எங்கள் சனத்துக்குப் படிப்பில் இருந்த பிடிவாதம் என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொன்னதுண்டு. இப்போது யோசித்தால், அந்த வயதுப் பிள்ளையை அந்த நேரத்தில் அளந்து பார்க்க வேண்டியிருந்ததா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

தமிழ்நாடும் ஒருமுறை இந்த வாசல் வரை வந்து திரும்பியது. 2019-20இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பவே 2020 பெப்ரவரி 4ஆம் தேதி கைவிட்டார்கள். மத்திய அரசு 2024 டிசம்பரில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க விதி கொண்டுவந்தபோதும், எட்டு வரை நிறுத்துவதில்லை என்றே மாநிலம் நின்றது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே சொல்கிறது. அங்கேயும் ‘உன் பிள்ளை எத்தனையாவது ரேங்க்?’ என்ற கேள்வி சாகவில்லை. ஆனால் அது வீட்டுத் திண்ணைக் கேள்வி, அரசாங்கத்தின் கேள்வி அல்ல.

கௌரவிப்பில்தான் நாங்கள் எல்லை மீறுகிறோம். பெறுபேறு வந்த கிழமை பாடசாலை வாசலில் பதாகை, பிள்ளையின் படத்துக்குக் கீழே புள்ளி. பூசை முடிய ஆலய முற்றத்தில் மாலை. நான் போன ஒரு விழாவில் வெட்டுப்புள்ளி தாண்டியவர்களை மேடையில் ஏற்றினார்கள். மற்றவர்கள் கீழே இருந்து கை தட்டினார்கள். ஒரு புள்ளியால் தவறிய பிள்ளை தாயின் சேலைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அதே மேடையில் வரவுக்கும் ஒரு பரிசு இருந்தது; வருடம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்கு. குளக்கட்டால் நடந்து வரும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. நிகழ்ச்சி நிரலில் அது கடைசி.

பரீட்சையை நிறுத்துவது கொழும்பின் கையில். பதாகை எங்கள் கையில் இருக்கிறது. அதிபர்மாரே, பங்குத்தந்தையரே, இந்த முறை படத்துக்குக் கீழே புள்ளியைப் போடாதீர்கள். தரம் 5 பிள்ளைகள் எல்லாரையும் மேடையில் ஏற்றுங்கள். வரவுப் பரிசை முதலில் கொடுங்கள்.