கண்ணியில் அடங்காத துயரம்

அமெரிக்க மேடை நடிகை சட்டன் ஃபாஸ்டர் 2021இல் வெளியிட்ட 'ஹூக்ட்' என்ற தன்வரலாற்றின் துணைத்தலைப்பு, கைவேலை தன் உயிரைக் காப்பாற்றிய கதை என்கிறது. நூலைப் படித்து முடித்தபோது எனக்குத் தெரிந்தது இதைவிட அடக்கமான உண்மை. தீராத ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தெம்பைக் கைவேலை தரும். அந்தத் தெம்பே பெரிய விஷயம்தான். அதற்குமேல் உரிமை கோரும் இடங்களில்தான் நூல் தடுமாறுகிறது.

நடிக்கத் தொடங்கிய காலத்தில் உடன் ஆடிய பெண்கள் வாட்டி வதைத்தபோது அவர் குறுக்குத் தையலைக் கையில் எடுத்தார். அந்த வேலையின் தன்மையைப் பார்த்தால் காரணம் புரியும். கட்டம் கட்டமாக நெய்த துணியில் துளைகளை எண்ணி, ஒவ்வொரு பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு துளை பிசகினால் அந்த வரிசையே கோணிவிடும். எண்ணிக்கையில் மனம் இருக்கும்போது ஏச்சு காதில் பாதிதான் விழும். பிறகு அவர் போய்ச் சேர்ந்த, கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா இன்னும் கருணையுள்ளது. ஒரு பின்னல் முடிந்ததும் கொக்கியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தவறினால் உருவிவிட்டு அதே நூலில் மறுபடி தொடங்கலாம். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் வாரம் 8 காட்சிகள் ஆடுகிறவருக்கு அன்றைய உழைப்பு திரை விழுந்ததும் போய்விடும். மடியில் வளரும் போர்வை அப்படிப் போய்விடுவதில்லை. 2002, 2011 ஆகிய ஆண்டுகளில் மேடைக் கலைக்கான டோனி விருது வாங்கிய கைகளுக்கு இது ஏன் வேண்டியிருந்தது என்பதை நூல் நன்றாகவே உணர்த்துகிறது.

ஃபாஸ்டரின் அம்மா வரும் பக்கங்கள்தான் நூலின் உயிர். வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சும் அகோராபோபியா அவருக்கு. மகள் ஊர் ஊராக ஆடப் போக, தாயின் உலகம் சுவர்களுக்குள் சுருங்குகிறது. இங்கே ஃபாஸ்டர் பழி சொல்வதுமில்லை, பூசி மெழுகுவதுமில்லை. மணமுறிவையும் குழந்தைக்காகப் பட்ட பாட்டையும் அதே நேர்மையோடு சொல்கிறார்.

ஆனால் இந்தக் கதைகளோடு குரோஷா செய்முறைகளும் சமையல் குறிப்புகளும் கலந்து வருகின்றன. காயத்தைக் கண்டு வாசகர் திகைத்து நிற்கும்போது நூல் அவர் கையில் நூற்கண்டைக் கொடுத்துவிடுகிறது. துக்கத்தோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவிட்டிருக்கலாம். துணைத்தலைப்பின் உறுதிமொழி இதைவிட எனக்குக் கவலை தருகிறது. பெயர், வருமானம், பிடித்த தொழில் எல்லாம் ஃபாஸ்டரைத் தாங்கியிருக்கின்றன. ஊசிநூலின் பங்கு எவ்வளவு என்று அவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அவருடைய தாயைப் போல வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டால் அது பெருங்கேடு. பதற்றத்தைத் தணிப்பது வேறு, நோய்க்குச் சிகிச்சை பெறுவது வேறு. இதைச் சொல்ல ஒரு பத்தி போதும். துணைத்தலைப்பை வைக்கும்போதே அதையும் எழுதியிருக்க வேண்டும்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் வாசிப்பில் செய்முறைப் பக்கங்களைத் தாண்டிவிட்டு, அம்மா வரும் பகுதிகளைத் தொடர்ச்சியாகப் படியுங்கள். போர்வை பின்னுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.