மசால்ஜி வந்த வழி

தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ‘மசால்ஜி’ என்றொரு பதவி உண்டு. பந்தம் பிடிப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். அரபியில் ‘மஷ்அல்’ என்றால் தீப்பந்தம். பின்னால் ஒட்டியிருக்கும் ‘ச்சி’ துருக்கி விகுதி. பாரசீகமும் இந்துஸ்தானியும் கைமாற்றித் தந்து, நம்மிடம் வந்தபோது ‘ஜி’ ஆயிற்று. காந்திஜியில் உள்ள ‘ஜி’ வேறு. அது இந்தியின் மரியாதைச் சொல். ஆய்ச்சி, இடைச்சி என்பவற்றில் வரும் தமிழ்ப் பெண்பால் விகுதிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஓசை ஒத்துப்போனதை மட்டும் வைத்து மொழிகளுக்குச் சம்பந்தம் பேசுவது ஆய்வாகாது.

துருக்கியில் மீன் ‘பாலிக்’, மீன்காரர் ‘பாலிக்ச்சி’. பொய் ‘யாலான்’, பொய்யர் ‘யாலாஞ்சி’. தொழிலையும் குணத்தையும் ஒரே விகுதி சுமக்கிறது. மங்கோலியாவின் ஒர்கோன் பள்ளத்தாக்கில், கி.பி. 732ஆம் ஆண்டைச் சேர்ந்த குல் தெகின் கல்வெட்டிலேயே இது இருக்கிறது: கல்லில் செதுக்குபவருக்கும், இழவுக்கு அழ வந்தவர்களுக்கும். மங்கோலியரிடம் மருந்து ‘எம்’, மருத்துவர் ‘எம்ச்’. மங்கோலியர் சீனத்தை ஆண்டபோது ‘தாருகாச்சி’ என்ற ஆளுநர் பதவிப் பெயரைச் சீன எழுத்தர்கள் ஒலிக்கு ஒலி எழுதினார்கள். கடைசி ‘ச்சி’க்கு அவர்கள் இட்ட எழுத்துக்குச் சீனத்தில் ‘சிவப்பு’ என்று பொருள். பொருள் அறியாதவர் அதைச் செந்நிற அதிகாரி என்று படிக்கக்கூடும்.

விகுதி தனியே பயணம் போவதில்லை. அரசும் படையும் சமையற்கட்டும் கொண்டுவரும் சொற்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பீரங்கி இயக்குபவர் ‘தோப்ச்சி’, சமைப்பவர் ‘பாவர்ச்சி’, கருவூலம் காப்பவர் ‘கஜான்ச்சி’ என்று பல சொற்கள் சேர்ந்தபின், கேட்பவர் காது வாலைத் தனியே பிரித்தறிகிறது. அதன்பின் தன் சொல்லில் தானே ஒட்டவைக்கிறது. எகிப்தில் அது ‘கி’ என்ற ஒலியோடு இத்தாலியரின் ‘போஸ்தா’வில் சேர்ந்து, தபால்காரர் ‘பொஸ்தகி’ ஆனார். இந்தியில் அபின் தின்பவர் ‘அஃபீம்ச்சி’. பரீட்சையில் பார்த்து எழுதுபவர் ‘நகல்ச்சி’. கடன் வாங்கிய விகுதி வேரூன்றிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

தமிழில் அது வேரூன்றவில்லை. ‘காரன்’ அந்த இடத்தில் முன்பே உட்கார்ந்துவிட்டது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். அதுவும் வடமொழியின் ‘கார’த்திலிருந்து வந்ததுதான், சிங்களத்திலும் ‘காரயா’ என்று வழங்குகிறது. பால்காரன் என்று தொழிலுக்கும், கோபக்காரன் என்று குணத்துக்கும், குடிகாரன் என்று பழக்கத்துக்கும், வெளியூர்க்காரன் என்று இடத்துக்கும் அது ஒன்றே போதுமாக இருக்கையில் இன்னொன்று எதற்கு? ஆகவே ‘மசால்ஜி’யை நாம் பிரித்துப் பார்க்கவே இல்லை, முழுச் சொல்லாக வாங்கி, முழுச் சொல்லாகவே வைத்துக்கொண்டோம். பந்தங்கள் அணைந்து மின்விளக்கு வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. நீதிமன்றப் பணியிடப் பட்டியலில் அந்தப் பெயர் இன்றும் அச்சாகிறது.